அம்பாசடர் 1489 பெட்ரோல் என்ஜின்: டெக் அளவுக் கோளாறுகளை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

பிளாக்கை லேத் பட்டறைக்கு அனுப்பி முகத்தை (ஹெட் உட்காரும் மேல் பரப்பை)ச் சீவி வாங்கி வந்த பிறகு டெக் அளவு (பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதன் தலைக்கும் அந்த முகத்துக்கும் உள்ள இடைவெளி) பார்ப்பது தலைகீழ் வேலை. சீவியதைத் திரும்ப ஒட்ட முடியாது. முதலில் எட்டு அளவு எடுத்து எழுதுங்கள். அந்த எட்டு எண்ணும் அமைந்திருக்கும் விதமே கோளாறு பிளாக்கிலா, கிராங்கிலா, ராடிலா (பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் தண்டு), பிஸ்டனிலா என்று காட்டிவிடும். அதன் பிறகுதான் ஃபேசிங் (முகம் சீவுவது) பற்றிப் பேச்சு.

இந்தக் குறிப்பு 1489 சி.சி. ஓவர்ஹெட் வால்வு பெட்ரோல் என்ஜினுக்கு: போர் 73.025 மி.மீ., ஸ்ட்ரோக் 88.9 மி.மீ., மூன்று மெயின் பேரிங். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட், எம்.ஜி.ஏ. ஆகிய பிரிட்டிஷ் கார்களில் இருந்த அதே பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி-சீரிஸ் குடும்பம். பழைய டீசல் அம்பாசடருக்கும் அதே 1489 சி.சி.தான், ஆனால் அதன் பிஸ்டன் உயரக் கணக்கு முற்றிலும் வேறு. இங்கே உள்ள எண்களை அதற்குப் போடாதீர்கள்.

டெக் ஹைட் என்று இரண்டு அளவுகளைச் சொல்வார்கள். கிராங்க் மையத்திலிருந்து பிளாக் முகம் வரை உள்ள உயரம் ஒன்று. பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதன் தலைக்கும் பிளாக் முகத்துக்கும் உள்ள இடைவெளி இன்னொன்று. நாம் வீட்டில் அளப்பது இரண்டாவது. பட்டறையில் பேசும்போது எதைச் சொல்கிறீர்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள். இந்தக் குழப்பத்தில் நல்ல பிளாக்குகள் வீணாகியிருக்கின்றன.

முதலில் எட்டு அளவு

1. ஹெட் ஸ்டட் எல்லாவற்றையும் கழற்றுங்கள். முகத்தில் பழைய கேஸ்கெட் ஒட்டியிருந்தால் சுரண்டி, தின்னரில் துடையுங்கள். ஆயில் ஸ்டோனைப் படுக்க வைத்து லேசாக ஒரு முறை ஓட்டுங்கள்.
2. பிஸ்டனை ரிங் இல்லாமல் ராடோடு மாட்டுங்கள். கடைசியில் எந்த பேரிங் ஷெல்லை (பேரிங்கின் அரை வட்டத் தகடு) போடப் போகிறீர்களோ அதையே இப்போதும் போட்டு, எண்ணெய் விட்டு, மெயின் கேப்பையும் ராட் கேப்பையும் மேனுவலில் உள்ள டார்க்குக்கு (இறுக்க அளவுக்கு) முறுக்குங்கள். கையால் இறுக்கியது போதாது.
3. 0.01 மி.மீ. டயல் கேஜைப் பாலம் போன்ற ஸ்டாண்டில் பொருத்துங்கள். முனை பிளாக் முகத்தில் இருக்கும்போது 2 மி.மீ. அமுங்கியிருக்கும்படி வைத்து முள்ளைப் பூஜ்யமாக்குங்கள்.
4. ஸ்டாண்டை அப்படியே நகர்த்தி முனையைப் பிஸ்டன் மேல் கொண்டு வாருங்கள். ஸ்டாண்டில் டயலைப் பிடித்திருக்கும் கையைத் திருப்பாதீர்கள். கை திரும்பினால் பூஜ்யமும் போய்விடும்.
5. முனை நிற்க வேண்டிய இடம் கஜன் பின்னுக்கு (பிஸ்டனை ராடோடு இணைக்கும் குறுக்கு ஊசி) நேர் மேலே, பிஸ்டன் விளிம்பில். என்ஜினின் முன்பக்கம் ஒரு புள்ளி, பின்பக்கம் ஒரு புள்ளி. தலையில் குழிவு இருந்தால் குழிக்குள் அளக்கக் கூடாது.
6. கிராங்கை என்ஜின் ஓடும் திசையிலேயே மெதுவாகச் சுற்றி, முள் ஏறி நின்று திரும்பும் உச்சியைக் குறியுங்கள்.
7. திரும்பவும் முனையை பிளாக் முகத்துக்குக் கொண்டுபோய்ப் பூஜ்யம் பாருங்கள். 0.02-க்கு மேல் தள்ளியிருந்தால் அந்த அளவை அடித்துவிடுங்கள்.

நான்கு பிஸ்டன், ஒவ்வொன்றிலும் இரண்டு புள்ளி, ஆக எட்டு எண். பிஸ்டன் முகத்துக்குக் கீழே என்றால் வெறும் எண், மேலே என்றால் முன்னால் 'மேல்' என்று எழுதுங்கள். கழித்தல் குறி போட்டால் பட்டறையில் ஒருவர் ஒரு விதமாகப் புரிந்துகொள்வார்.

அறிகுறி: ஒரே பிஸ்டனை மூன்று தடவை அளந்தால் மூன்று எண்

மூன்று அளவும் 0.02 மி.மீ.க்குள் இருந்தால் அளவு சரி. அதைத் தாண்டினால் இந்த வரிசையில் பாருங்கள்.

*முகத்தில் பிசிறு.* இதுதான் அதிகம். ஹெட் நட்டைப் பல வருடம் இறுக்கி இறுக்கி, ஸ்டட் துளையைச் சுற்றி இரும்பு லேசாக மேலெழும்பியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. நகத்தைத் துளையின் ஓரமாக ஓட்டினால் தட்டும். ஸ்டாண்டின் கால் அதன் மேல் ஏறி இறங்கும்போதெல்லாம் எண் மாறும். பெரிய டிரில் பிட்டைக் கையில் பிடித்து துளை வாயை லேசாகச் சரித்து, பிறகு ஆயில் ஸ்டோன். இதைச் செய்யாமல் ஹெட் மாட்டினால் கேஸ்கெட்டும் அந்த இடத்தில் உட்காராது.

*ஸ்டாண்ட் ஆடுகிறது.* டயலை விரலால் பக்கவாட்டில் மெல்லத் தொடுங்கள். விரலை எடுத்ததும் முள் அதே இடத்துக்கு வர வேண்டும். வராவிட்டால் ஏதோ ஒரு திருகு தளர்வு.

*உச்சியைத் தவறவிடுகிறீர்கள்.* புல்லி மார்க்கை நம்பி நிறுத்தினால் இது நடக்கும். இந்த ஸ்ட்ரோக்குக்கும் 165.1 மி.மீ. ராடுக்கும் கிராங்க் 1 டிகிரி தள்ளியிருந்தால் பிஸ்டன் 0.01 மி.மீ.கூட இறங்காது. 2 டிகிரிக்கு 0.03. 5 டிகிரிக்கு 0.21. ஆகவே மார்க் வேண்டாம், டயல் காட்டும் உச்சிதான் உச்சி.

*பிஸ்டன் சாய்கிறது.* ரிங் இல்லாத பிஸ்டன் கஜன் பின்னை அச்சாக வைத்து இடம் வலமாக ஆடும். பின்னுக்கு நேர் மேலே அளந்தால் இந்த ஆட்டம் எண்ணில் ஏறாது. ஓரமாக அளந்தால் 0.1 மி.மீ. வரை ஏமாற்றும்.

*பேரிங்கில் உள்ள எண்ணெய் இடைவெளி.* பிஸ்டனை விரலால் கீழே அமுக்கி ஒரு எண், மேலே இழுத்து ஒரு எண் பாருங்கள். சிறிய வித்தியாசம் இயல்பு. எல்லாப் பிஸ்டனையும் ஒரே மாதிரி அமுக்கி அளந்தால் போதும். வித்தியாசம் 0.15-ஐத் தாண்டினால் டெக் வேலையை நிறுத்துங்கள். மைக்ரோமீட்டரில் ஜர்னலை (கிராங்கில் பேரிங் உட்காரும் உருண்டைப் பகுதி) அளக்க வேண்டும். அது கிராங்க் கிரைண்டிங் பட்டறையின் வேலை.

அறிகுறி: நான்கு பிஸ்டனும் நான்கு உயரம்

அதிகமான பேர் 'முகத்தைச் சீவினால் சரியாகிவிடும்' என்று முடிவு கட்டுவது இங்கேதான். பெரும்பாலும் சரியாகாது. நான்குக்கும் உள்ள வித்தியாசம் 0.05-க்குள் இருந்தால் சாதாரணச் சாலை வண்டிக்கு அப்படியே விட்டுவிடலாம். அதற்கு மேல் என்றால் எண்கள் எந்த வரிசையில் அமைகின்றன என்று பாருங்கள்.

மூன்று ஒன்றாக, ஒன்று மட்டும் தனியாக. உதாரணம்: 0.84, 0.85, 1.12, 0.85.

முதலில் அந்த ராட் கேப்பைக் கழற்றி ஷெல்லுக்குப் பின்னால் தூசியோ, மடங்கிய நாக்கோ இருக்கிறதா பாருங்கள். கேப் அந்த ராடுக்கு உரியதுதானா, திருப்பி மாட்டியிருக்கிறதா என்று அடித்த எண்ணைப் பாருங்கள். இதில் பாதி தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் பிஸ்டன். கஜன் பின் துளையின் மேல் விளிம்பிலிருந்து தலை வரை வெர்னியரில் அளந்து, பின் விட்டத்தில் பாதியைக் கூட்டுங்கள். மற்ற மூன்றோடு ஒப்பிடுங்கள். உடைத்து விற்கும் பிஸ்டன் செட்டில் ஒன்று வேறு செட்டிலிருந்து வந்திருப்பது அடிக்கடி நடக்கிறது.

பிஸ்டனும் சரி என்றால் இடம் மாற்றிப் பாருங்கள். சந்தேகப்படும் ராட்-பிஸ்டனை வேறு சிலிண்டரில் போட்டு அளக்க வேண்டும். இந்த என்ஜினில் ராடின் பெரிய கண் (கிராங்கைப் பிடிக்கும் கீழ் வளையம்) ஒரு பக்கம் தள்ளி இருக்கும். அதே பக்கம் தள்ளிய இன்னொரு ராடோடு மட்டும்தான் மாற்ற முடியும், கண்ணால் பார்த்தே தெரியும். 1.12 என்ற எண் ராடோடு கூடவே போனால் ராடுதான் குட்டை: வளைந்திருக்கும், அல்லது பெரிய கண்ணை ரீசைஸ் செய்யும்போது அளவு குறைந்திருக்கும். எண் அந்தச் சிலிண்டரிலேயே தங்கிவிட்டால் கிராங்கில் அந்த ஜர்னல் தள்ளிக் கிரைண்ட் ஆகியிருக்கிறது.

வெள்ளத்தில் ஓட்டித் தண்ணீர் உறிஞ்சிய என்ஜின் என்றால் வேறு யோசனையே வேண்டாம், நேராக ராடைப் பாருங்கள். வளைந்த ராடை நிமிர்த்தித் தருவதாகச் சொன்னாலும் வாங்காதீர்கள். வேறு ராட் தேடுங்கள்.

1, 4 ஒரு அளவு. 2, 3 வேறு அளவு. உதாரணம்: 0.85, 0.98, 0.97, 0.85.

இது கிராங்க். ஒன்றும் நான்கும் ஒன்றாக உச்சிக்கு வரும், இரண்டும் மூன்றும் ஒன்றாக வரும். கிரைண்டிங் மெஷினில் இந்த இரண்டு ஜோடியையும் தனித்தனியாக நிறுத்தித்தான் சாணை பிடிப்பார்கள். ஒரு ஜோடிக்கு மெஷின் சரியாக நிற்காவிட்டால் அந்த ஜோடியின் ஸ்ட்ரோக் மாறிவிடும்.

உறுதி செய்ய, டெப்த் வெர்னியரால் பிஸ்டன் உச்சியிலும் அடியிலும் முகத்திலிருந்து எவ்வளவு ஆழம் என்று அளந்து கழியுங்கள். 88.9 வர வேண்டும். ஜர்னல் 0.12 உள்ளே தள்ளியிருந்தால் உச்சியில் 0.12 குறைந்து, அடியிலும் 0.12 குறைந்து, ஸ்ட்ரோக் மொத்தமாக 0.24 குறைந்து 88.66 வரும். ஸ்ட்ரோக் நான்கிலும் ஒன்றே என்றால் கிராங்க் மேல் பழி இல்லை; ராடுகளையும் பிஸ்டன்களையும் ஒவ்வொன்றாக அளங்கள்.

கிராங்க்தான் என்றால் கிரைண்டிங் பட்டறைக்கு எண்ணோடு போங்கள். அடுத்த அண்டர்சைஸுக்கு (ஜர்னலை இன்னும் மெலிதாக்கும் அளவு) இடம் இருந்தால் ஸ்ட்ரோக்கைச் சரிசெய்து சாணை பிடிக்கலாம். இடம் இல்லை என்றால் வேறு கிராங்க். பிளாக்கைச் சீவி இதை மறைக்க முடியவே முடியாது, நான்கு பிஸ்டனும் ஒரே முகத்துக்குக் கீழேதான் நிற்கின்றன.

1-லிருந்து 4 வரை படிப்படியாக. உதாரணம்: 0.80, 0.87, 0.95, 1.02.

முகம் சரிவு. ஒவ்வொரு பிஸ்டனிலும் முன் புள்ளியைவிடப் பின் புள்ளி சற்று அதிகம் என்று இருந்தால் சந்தேகமே இல்லை. யாரோ முன்பு ஒரு முறை சீவும்போது பிளாக்கை சம்ப் முகத்தில் (அடியில் எண்ணெய்த் தொட்டி பொருந்தும் பரப்பு) உட்கார வைத்துச் சீவியிருக்கிறார்கள். சம்ப் முகம் எண்ணெய் ஒழுகாமல் இருப்பதற்கான முகம். அது கிராங்குக்கு இணையாக இருக்கும் என்று நம்பிச் சீவக் கூடாது.

பிசிறும் தூசியும் இல்லை என்று இன்னொரு முறை பார்த்துவிட்டு, இந்த ஒரு நிலையில் பிளாக்கைப் பட்டறைக்கு அனுப்புங்கள். வாயால் சொன்னால் போதாது, ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: மெயின் பேரிங் துளையை ஆதாரமாக வைத்து நிறுத்த வேண்டும், மையத்திலிருந்து முகம் வரை முன்னும் பின்னும் ஒரே அளவு வர வேண்டும், அதிக எண் வரும் கோடியில் அதிகம், குறைந்த எண் வரும் கோடியில் முகம் சுத்தமாகும் அளவுக்கு மட்டும். மேலே உள்ள உதாரணத்தில் நான்காம் சிலிண்டர் பக்கம் ஏறக்குறைய 0.22 அதிகம் போகும். மெயின் துளையில் தண்டு போட்டு நிறுத்தும் வசதி இல்லை என்று சொல்லும் பட்டறைக்கு பிளாக்கைக் கொடுக்காதீர்கள்.

அறிகுறி: ஒரே ஒரு பிஸ்டனில் முன் புள்ளியும் பின் புள்ளியும் ஒத்துப்போகவில்லை

நான்கிலும் ஒரே பக்கம் சாய்ந்தால் அது மேலே சொன்ன முகச் சரிவு. ஒன்றில் மட்டும் என்றால் வளைந்த ராட். போர் பிஸ்டனைப் பிடித்துக்கொள்வதால் வளைவு முழுவதும் எண்ணில் தெரியாது. 0.05 வித்தியாசம் தெரிந்தாலே உள்ளே வளைவு அதைவிட அதிகம்.

செலவில்லாத சோதனை: ரிங் இல்லாமல் கிராங்கை மெதுவாகச் சுற்றி, டார்ச் அடித்துப் பிஸ்டனின் முன், பின் ஓரத்து இடைவெளியைப் பாருங்கள். மேலே வரும்போதும் கீழே போகும்போதும் ஒரே பக்கமே ஒட்டிக்கொண்டு வந்தால் வளைவு. மேலே வரும்போது ஒரு பக்கமும் இறங்கும்போது மறுபக்கமும் ஒட்டினால் முறுக்கு.

கஜன் பின்னை ராடில் கிளாம்ப் போல்ட்டால் பிடிக்கும் பழைய வகைக்கு ஒரு எச்சரிக்கை. அந்த போல்ட்டை இறுக்கும்போது ராடை வைஸில் பிடித்தால் ராட் அங்கேயே முறுகிவிடும். பின்னின் இரண்டு முனையிலும் பொருந்தும் கட்டை வைத்து, பின்னைத்தான் வைஸில் பிடிக்க வேண்டும். நல்ல ராடு மேசையிலேயே கெடுவது இப்படித்தான்.

ராட் அலைன்மென்ட் ஜிக் வைத்திருக்கும் பட்டறையில் நான்கையும் சேர்த்தே காட்டுங்கள்.

அறிகுறி: பிஸ்டன் முகத்துக்கு மேலே நிற்கிறது

மேலே நிற்பதே குற்றம் அல்ல. ஹெட்டின் தட்டையான பகுதிக்கும் பிஸ்டனுக்கும் கேஸ்கெட் அமுங்கிய பிறகு எவ்வளவு மிஞ்சுகிறது என்பதுதான் கேள்வி. இரும்பு ராட் உள்ள இந்த என்ஜினுக்கு 1.0 மி.மீ. மிஞ்சும்படி வைத்துக்கொள்ளுங்கள். சூட்டில் ராட் நீளும், வேகத்தில் பேரிங் இடைவெளி முழுவதும் மேல்பக்கம் போகும், பிஸ்டன் ஓரம் சாயும். அதற்கெல்லாம் இந்த இடம் வேண்டும்.

கேஸ்கெட் தடிமனைப் புதியதில் அளக்காதீர்கள். அதே தயாரிப்பில் ஒரு முறை இறுக்கிக் கழற்றியதை மைக்ரோமீட்டரில் அளங்கள். இன்னும் நம்பகமான வழி: பின்னுக்கு நேர் மேலே, பிஸ்டனின் முன்னும் பின்னும், ஹெட்டின் தட்டைப் பகுதி வரும் இடமாகப் பார்த்து 2 மி.மீ. சால்டரிங் ஈயக் கம்பியைக் கிரீஸில் ஒட்டுங்கள். பழைய கேஸ்கெட்டோடு ஹெட்டை முழு டார்க்குக்கு இறுக்கி, கிராங்கைக் கையால் ஒரு சுற்று சுற்றிக் கழற்றுங்கள். நசுங்கிய கம்பியின் தடிமன்தான் உண்மையான இடைவெளி. இறுகுவதுபோல் பட்டால் பலம் போட்டுத் திருப்பக் கூடாது.

1.0-க்குக் குறைந்தால்:

- பிஸ்டன் வேறு என்ஜினுடையதா என்று கஜன் பின் உயரத்தை அளந்து உறுதி செய்யுங்கள்.
- அமுங்கிய தடிமன் அதிகமுள்ள கேஸ்கெட் கிடைக்கிறதா பாருங்கள்.
- கடைசியாகப் பிஸ்டன் தலையைச் சீவுவது. தலையின் தடிமனை அளந்த பிறகே, நான்கையும் ஒரே அளவுக்கு, எடை பார்த்து, பட்டறையில்.

இரண்டு கேஸ்கெட்டை அடுக்கிப் போடுவதை வழி என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இரண்டுக்கும் நடுவே காற்று கசியும், பின்னாலேயே தண்ணீரும் வரும்.

அறிகுறி: பிஸ்டன் ரொம்பக் கீழே, கம்ப்ரெஷன் எல்லாச் சிலிண்டரிலும் ஒரே மாதிரி மந்தம்

முதலில் பிஸ்டன் தலையைப் பாருங்கள். ஒரே போர் விட்டத்தில் குழிவு ஆழம் வேறுபட்ட பிஸ்டன்கள் இந்தக் குடும்பத்தில் உண்டு. பிறகு கணக்கு.

ஒரு சிலிண்டரின் ஸ்வெப்ட் வால்யூம் (பிஸ்டன் ஒரு ஸ்ட்ரோக்கில் கடக்கும் கொள்ளளவு) 372.3 சி.சி. டெக்கில் ஒவ்வொரு 0.1 மி.மீ.க்கும் 0.42 சி.சி. ஹெட் அறையையும் பிஸ்டன் குழியையும் பியூரெட்டால் (அளவுக் கோடு போட்ட குழாய்) மண்ணெண்ணெய் விட்டு அளங்கள். ஹெட் 42, குழி 6 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். டெக் 0.9 மி.மீ. என்றால் 3.8. கேஸ்கெட் துளை 75 மி.மீ., தடிமன் 0.8 என்றால் 3.5. மொத்தம் 55.3. ஆக 372.3 ÷ 55.3, அதோடு 1 கூட்டினால் கம்ப்ரெஷன் விகிதம் 7.73. முகத்தில் 0.5 மி.மீ. எடுத்தால் 2.1 சி.சி. குறைந்து 53.2, விகிதம் 8.0.

அரை மில்லிமீட்டருக்குக் கிடைப்பது அவ்வளவுதான். விகிதம் மட்டும்தான் தேவை என்றால் ஹெட்டைச் சீவுங்கள், பிளாக்கைத் தொடாதீர்கள். ஹெட் கெட்டால் வேறு ஹெட் கிடைக்கும். ஆர்.சி. புத்தகத்தில் பதிவான எண் உள்ள பிளாக் இன்னொன்று கிடைக்காது. 1 மி.மீ. ஓவர்சைஸ் ரீபோர் போட்டாலே ஸ்வெப்ட் வால்யூம் 382.6 ஆகிறது, விகிதம் அதிலேயே கொஞ்சம் ஏறிவிடும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

அறிகுறி: மாட்டி ஓட்டிய பிறகு, சூடானதும் ஏற்றத்தில் பிங்கிங் (என்ஜினுக்குள் தட்டும் சத்தம்)

டைமிங்கை 2 டிகிரி பின்னால் தள்ளிப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் அங்கேயே விடுங்கள். நிற்காவிட்டால் வேறு காரணம் பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் வெயிட் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். பிளக் சூட்டு எண் தவறாக இருக்கலாம். கார்புரேட்டரில் கலவை இளைத்திருக்கலாம். இவை மூன்றும் சரி என்றால்தான் விகிதத்தைச் சந்தேகித்து மேலே உள்ள கணக்குக்குத் திரும்ப வேண்டும்.

அறிகுறி: ஸ்டார்ட் ஆனதும் சுற்றுக்கு ஒரு தரம் மேலிருந்து 'டக்'

உடனே அணையுங்கள், கேட்டுப் பார்க்கலாம் என்று ஓட்டாதீர்கள். டேப்பெட் சத்தம் இரண்டு சுற்றுக்கு ஒரு தரம் வரும். பிஸ்டன் எதையாவது தொட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் வரும். ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றி எந்தச் சிலிண்டர் என்று தேடும் வேலையும் வேண்டாம், தொடுகிற பிஸ்டன் அதற்குள் உடையும்.

ஹெட்டைக் கழற்றிப் பிஸ்டன் விளிம்பில் பளபளக்கும் பிறை வடிவத் தேய்மானம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், கேஸ்கெட்டின் உள் வளையம் போருக்குள் நீட்டிக்கொண்டிருப்பதே முதல் காரணம்: ஓவர்சைஸ் போட்ட பிளாக்கில் ஸ்டாண்டர்ட் கேஸ்கெட். புதிய கேஸ்கெட்டை பிளாக்கின் மேல் வைத்து, இரண்டு ஸ்டட் மாட்டி, மேலிருந்து நான்கு துளையையும் பார்த்தால் போர் விளிம்பு முழு வட்டமாகத் தெரிய வேண்டும். தெரிந்தும் பிறை விழுந்திருந்தால் ஈயக் கம்பிச் சோதனையை அந்தச் சிலிண்டரில் செய்யுங்கள்.

பிறை இல்லை, சத்தம் மட்டும் உண்டு என்றால் பிஸ்டன் எதையும் தொடவில்லை. பிக் எண்ட் பேரிங்கும் (ராடின் பெரிய கண்ணில் உள்ளது) கஜன் பின்னும்தான் பாக்கி. அதற்கு சம்ப்பை இறக்க வேண்டும். ஜர்னலில் கோடு விழுந்திருந்தால் கிராங்கோடு கிரைண்டிங் பட்டறைக்குப் போங்கள்.